நசுங்காத எலுமிச்சம்பழம்

பட்டறை வேலை பழகும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். எந்தக் காடிக்கு எந்த இன்ஜின் உட்காரும்? தம்பிகளா, தங்கச்சிகளா, எல்லாக் காடிக்கும் எல்லா இன்ஜினும் உட்காரும். அளக்கவும் வெட்டவும் ஒட்டவும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அதெல்லாம் இப்போது கைபேசியைத் தட்டினாலே படத்தோடு வந்துவிடுகிறது. அதற்கு நான் எதற்கு?

என்னிடம் இருப்பது ஒரு பயம். பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தாலும் அது போகவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுப்பேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு "மணியம் அண்ணன் இவ்வளவு மட்டமான ஆளா" என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நினைக்க வேண்டியதுதான்.

அலோர் ஸ்டாரில் மெர்கோங் பக்கம் என் பட்டறை இருந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் குணா என்பவர் ஒரு காடியை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜித்ராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாற்பது வயசு இருக்கும். காடி, இங்கிலாந்துக்காரன் செய்த இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் காடி. ஏதோ ஒரு தோட்டத்து மேனேஜர் பங்களாவின் பின்கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததாம். மேற்கூரை துணி. இன்ஜின் இறுகிப்போய் அசையவே இல்லை.

"இதுக்கு ஜப்பான் இன்ஜின் போட்டுக் கொடுங்க அண்ணே. என் வைஃபுக்குச் சத்தியம் பண்ணிட்டேன், ஜெராய் மலைக்கு இதுலதான் கூட்டிட்டுப் போவேன்னு" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி விமலா, "இந்தக் கோழிக்கூட்டுலயா?" என்று சிரித்தாள். ஜித்ராவில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தாள். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடும் அளவுக்குக் கைராசிக்காரி.

ஒரு ஹாஃப் கட் எடுத்தோம். ஜப்பானில் முன்பாதியை அப்படியே அறுத்து அனுப்புவார்களே, அதுதான். கிட்டத்தட்ட புது இன்ஜின், பழையதைப் போல இரண்டரை மடங்கு பலம். கியர்பாக்ஸ் அகலமாக இருந்ததால் அதைத் தாங்க குறுக்கே ஒரு இரும்பு புதிதாக வைத்து வெல்டிங் அடித்தேன். ஹான்பிரேக் கேபிளை அந்த இரும்புக்கு மேலே சுற்றி விட்டேன். சாலைப் போக்குவரத்து இலாகாவில் காட்டி, இன்ஜின் மாற்றியதற்குப் பேப்பர் எல்லாம் வாங்கியாயிற்று. நல்ல வேலை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே நல்ல வேலை.

காடியை எடுக்க ஒரு வெள்ளிக்கிழமை காலை குறித்தார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பூசை போட்டு வெளியே எடுத்துவிட வேண்டும். குணாவின் அம்மா பெண்டாங்கிலிருந்து தாம்பாளம், கற்பூரம், பூசணிக்காய் என்று ஒரு வேன் சாமானோடு வந்து இறங்கினார். காசாளர் மாதிரி கண் அவருக்கு. என் பட்டறை மூலையில் கிடந்த பழைய துணிகளைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுத்தான் உள்ளேயே வந்தார்.

ஒன்பதரைக்கு குணா காடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அண்ணே, ஹான்பிரேக் ரொம்ப மேல வரைக்கும் வருது. கொஞ்சம் டைட் பண்ணிடுங்க" என்றார். பத்து நிமிஷ வேலை. பின்பக்கத்தை ஜேக்கில் தூக்கினேன். சக்கரம் இரண்டும் தொங்கின. அப்படியே கேபிளை முறுக்கி, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. இறக்கிவிட்டேன்.

நீங்கள் முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் ஹான்பிரேக் கேபிளை முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால், காடி இறங்கியதும் அச்சு மேலே வந்து கேபிளின் நீளக்கணக்கு மாறிவிடும். இதை நானே எத்தனை பேருக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கடிகாரம்தான் தெரிந்தது. அந்தம்மா வேறு இரண்டு தடவை "தம்பி, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டார். ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாம். வாசல் வரைக்கும் பத்தடி நகர்த்தினேன், அவ்வளவுதான். இன்ஜின் வெண்ணெய் மாதிரி இழுத்தது.

பழைய இன்ஜினாக இருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும். ஒரு சக்கரம் இறுகினால் அது முக்கி முனகும், நின்றே போகும். புதிய இன்ஜின் எதையும் சொல்லாது, இழுத்துக்கொண்டே போகும். பலமான இன்ஜினைப் போட்டுவிட்டால் காடியின் நோய் ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் போய்விடும். நான் சொல்லும் தொழில் விஷயம் இந்த ஒன்றுதான். குறித்துக்கொள்ளுங்கள்.

பூசை நடந்தது. வாசல் சிமெண்டுத் தரையில் மஞ்சள் நீர் தெளித்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார் அந்தம்மா. குணாவும் விமலாவும் ஏறி உட்கார்ந்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று. "எடுப்பா" என்றதும் குணா காடியை இரண்டடி முன்னால் விட்டார். மூன்று பழம் 'சட்டுச் சட்டு' என்று நசுங்கியது. பின் இடது சக்கரத்துப் பழம் நசுங்கவில்லை. சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போய் அப்படியே முழுசாக விட்டிருந்தது.

எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா மட்டும் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"குணா, நிப்பாட்டு. ஒரு பழம் நசுங்கல. வேணாம்பா, இன்னிக்குக் காடிய எடுக்காதே."

விமலா கதவைத் திறந்து இறங்கப் போனாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. நான்கு மாசம் உழைத்த என் வேலையை ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக் குறை சொல்கிறார்களே என்ற கோபம்.

"அம்மா, தோலு தடிச்ச பழம்மா அது. பாசார்ல உங்கள நல்லா ஏமாத்திட்டான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. பூட்ஸ் காலால் அந்தப் பழத்தை ஓங்கி மிதித்தேன். சாறு என் பேண்டில் தெறித்தது. "பாருங்க, நசுங்கிடுச்சு. இப்ப சரியா?"

அந்தம்மா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். பத்து இருபத்தைந்துக்கு குணாவும் விமலாவும் கிளம்பினார்கள். கூரைத் துணி தைத்து வரவில்லை, இன்னும் ஒரு வாரம் ஆகும். விமலா தலையில் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு எனக்குக் கையாட்டினாள்.

வந்தவர்கள் எல்லாம் கேசரி சாப்பிட்டு, என்னைப் புகழ்ந்து, கலைந்து போகப் பதினொன்றரை ஆகிவிட்டது. என் வெல்டர் அஸ்மி தொழுகைக்குக் கிளம்பிவிட்டான். தரையைக் கழுவலாம் என்று நான் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

மஞ்சள் நீர் காய்ந்து, சக்கரத் தடங்கள் அச்சு மாதிரி பதிந்திருந்தன. மூன்று தடத்தில் டயரின் கோடு கோடான பூ தெளிவாக இருந்தது. நான்காவதில் பூவே இல்லை. நெடுக்க ஒரு கறுப்பு இழுவை.

அந்தச் சக்கரம் உருளவில்லை. வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. அதனால்தான் பழத்தின் மேல் ஏறாமல் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

குழாய் கையிலிருந்து விழுந்தது. தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டே இருந்தது, நான் நின்றுகொண்டே இருந்தேன். தனி ஆளாக நான் பத்தடி நகர்த்தினபோது லேசாகப் பிடித்திருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்ததும் காடி இன்னும் அமுங்கி, என் குறுக்கு இரும்பு மேல் போகும் கேபிள் இறுகி, இடது பக்க பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த சாலையில் சக்கரம் சுற்றத்தான் சுற்றும், ஆனால் பிரேக்கை உரசிக்கொண்டே. அப்படியே ஹைவேயில் போகிறார்கள். பிரேக் டிரம் பழுக்கக் காயும். அந்தக் காலத்துக் காடியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே குழாய்தான். ஒரு சக்கரத்தில் ஆயில் கொதித்தால் நான்குக்கும் பிரேக் கிடையாது. மலை ஏறும்போது ஒன்றும் தெரியாது. மேலே நிறுத்தினால், காற்றுப் படாமல் சூடு உள்ளேயே இறங்கும். பிறகு இறங்க ஆரம்பித்தால் பிரேக் மிதிபலகை நேராகத் தரைக்குப் போகும்.

ஜெராய் மலைச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. என் பிக்கப்பை எடுத்துக்கொண்டு பட்டறையைப் பூட்டாமலேயே கிளம்பினேன். ஹைவேயில் என் கண்ணுக்குள் அந்தத் துப்பட்டாதான். முருகா முருகா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் எலுமிச்சம்பழத்தை மிதித்த அதே ஆள்தான்.

குருண் வருவதற்குச் சற்று முன்னால் போன் வந்தது. ஓரம் கட்டினேன்.

"அண்ணே, இத்தன மிஸ்ட் காலா? காத்துல ஒண்ணும் கேக்கலண்ணே" என்றாள் விமலா. "மேல வந்துட்டோம். ஒரே குளிரு. காடி பறக்குதுண்ணே!"

உயிர் வந்தது எனக்கு. மேலே இருக்கிறார்கள். நிற்கிறார்கள். இனி ஒரு வார்த்தை போதும்.

"குணாகிட்ட குடும்மா."

"சொல்லுங்க அண்ணே. சூப்பர்லா உங்க வேலை. லேசா ஒரு கருகல் வாசனை வருது. புது இன்ஜின், அப்படித்தான் இருக்கும்னு இவகிட்ட சொல்லிட்டு இருந்தேன்."

நான் சொல்லியிருக்க வேண்டியது இது: "குணா, தப்பு என்னுடையது. ஹான்பிரேக்கைத் தப்பாக முறுக்கிவிட்டேன். இறங்கினால் பிரேக் பிடிக்காது. காடியைத் தொடாதீர்கள்." சொல்லி முடிக்க ஐந்து வினாடி ஆகியிருக்குமா? வாயைத் திறந்தேன். காலையில் அத்தனை பேர் முன்னால் நான் அடித்த ஜம்பம் குறுக்கே வந்து நின்றது. நான் சொன்னது இது:

"ஒண்ணுமில்ல குணா. ஹான்பிரேக்க ஒரு தடவை பாத்துக்கலாம்னு தோணுச்சு. நான் இந்தப் பக்கம்தான் வந்துட்டு இருக்கேன். முடிஞ்சா அங்கயே இருங்க. அப்படி இறங்குறதா இருந்தா மெதுவா வாங்க."

குணா சிரித்தார். "என்ன அண்ணே, எங்கம்மா போன் பண்ணிட்டாங்களா? எலுமிச்சம்பழப் பயம் உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?"

"சேச்சே" என்று நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

போனை வைத்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது. மலையடிவாரத்துக்குத் திரும்பும் இடத்திலிருந்து மறுபடி அடித்தேன். அதற்குள் லைன் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் மலையுச்சி மேகத்துக்குள் இருந்தது. மேலே மழை. அந்தக் காடிக்குக் கூரை கிடையாது. நனையாமல் இருக்க எந்த மனுஷனும் என்ன செய்வான்? இறங்குவான். "ஒண்ணுமில்ல" என்று மெக்கானிக்கே சொல்லியாயிற்றே.

ஏற ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், தொழுகை நேரம், சாலையில் ஒரு வண்டி இல்லை. ஜன்னலை இறக்கி வைத்திருந்தேன். நாலைந்து கிலோமீட்டர் ஏறியிருப்பேன். மேலே எங்கிருந்தோ ஹார்ன் சத்தம் கேட்டது. விட்டு விட்டு அடிக்கும் ஹார்ன் இல்லை. கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்த ஹார்ன். நெருங்கிக்கொண்டே வந்தது. அதோடு இன்ஜின் அலறும் சத்தம். குணா சின்ன கியரில் போட்டு இன்ஜினை வைத்துப் பிடித்துக்கொண்டு வருகிறார் என்று புரிந்தது.

நான் அப்போது வந்திருந்த இடம் ஒரு வளைவு. பள்ளத்துப் பக்கம் தடுப்புக் கம்பி இல்லாத ஒரு இடைவெளி. பிக்கப்பைக் கொண்டுபோய் அந்த இடைவெளியை அடைத்து நிறுத்தினேன். வளைவில் திரும்ப முடியாமல் வந்தால் என் மேல் மோதட்டும், கீழே போக வேண்டாம். நிறுத்திவிட்டு இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் ஆள் இல்லாத வண்டியை, வருகிற வேகத்தில் காடி தள்ளிக்கொண்டே போய்விடும். பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தேன். வீரம் என்று நினைக்காதீர்கள். பேண்டு நனைந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேல் வளைவில் காடி தெரிந்தது. இடது பின்சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் புகை. குணா எழுந்து நிற்பது மாதிரி மிதிபலகையை மிதித்துக்கொண்டிருந்தார். விமலாவின் வாய் திறந்திருந்தது, சத்தம் ஹார்னில் கேட்கவில்லை. என் பிக்கப்பைப் பார்த்ததும் குணா ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். இடது சக்கரங்கள் வடிகாலில் விழுந்தன. இரும்பு சிமெண்டில் தேய்ந்துகொண்டே வந்து, ஒரு சின்னப் பாலத்தின் சுவரில் முட்டி நின்றது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு லோரி நீளம் இருக்கும்.

ஓடினேன். குணாவுக்கு நெற்றியில் ரத்தம். விமலா கதவைப் பிடித்திருந்த இடது கை, கதவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. நெம்புகோலை வைத்து நான்தான் கதவைப் பிரித்தேன். அந்தக் கையை நான் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

குணா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மன்னிச்சிடுங்க அண்ணே. நாலு மாசம் கஷ்டப்பட்டு செஞ்சு குடுத்தீங்க. எனக்குத்தான் ஓட்டத் தெரியல. காடிய ஒடச்சிட்டேன்."

கேட்டீர்களா? அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்க குணா, உயிர் பொழச்சதே பெரிசு." பெரிய மனசுக்காரன் மாதிரி முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு குணாவின் அம்மா வந்தார். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "பழமே சொல்லிடுச்சு தம்பி, நாமதான் கேக்கல. விதி. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். மகன் தன் ஓட்டத்தைக் குறை சொல்கிறான், தாய் விதியைச் சொல்கிறார். காடி நசுங்கிக் கிடக்கிறது, கேபிளை யாரும் தேடப் போவதில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எனக்குத் தப்பிக்க வழி இத்தனை பேரும் சேர்ந்து போட்டுக் கொடுத்தார்கள். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி வழி போட்டுத் தருவார்கள். அன்றைக்கு அந்த வழி எவ்வளவு வசதியாக இருக்கும் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் முடிய மாலையாகிவிட்டது. விரல் இரண்டு இனி மடங்காது என்று டாக்டர் சொன்னதாக குணா வந்து சொன்னார். வலது கையால் கத்தரிக்கோல் பிடித்தாலும், துணியை நகர்த்திக் கொடுப்பது இடது கைதானே. அவள் கடையில் மேசை மேல் பாதியில் கிடக்கும் ரவிக்கைகளை நினைத்தேன். இன்னும் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தால் அப்புறம் ஆயுசுக்கும் பேச மாட்டேன் என்று தெரிந்தது.

உள்ளே போனேன். விமலா முழித்துக்கொண்டுதான் இருந்தாள். குணா கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஜேக்கில் தூக்கி முறுக்கியது, பழம் ஏன் நசுங்கவில்லை என்பது, தரையில் இருந்த தடம், எல்லாம். "குணா ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல. அவர் ஓட்டுனதாலதான் ரெண்டு பேரும் இருக்கீங்க. தப்பு என்னோடது" என்றேன். குணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமலாதான் பேசினாள். மருந்து மயக்கத்தில் குரல் மெல்ல வந்தது.

"அந்தத் தடத்த எப்ப பாத்தீங்க அண்ணே?"

"நீங்க போனப்புறம். பதினொன்னரைக்கு."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அது அவள் கண்ணில் தெரிந்தது.

"அப்ப போன்ல பேசும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.